மெர்வின் நோஸ்கேயின் ஈயக்கட்டிகள் காணாமல் போனது தொடர்பாக

பெயர் டெஸ்மண்ட் ட்ரெகென்சா, வயது ஐம்பத்தாறு, தகப்பனார் காலஞ்சென்ற ஹேரல்ட் ட்ரெகென்சா, குடியிருப்பு போர்ட் அகஸ்டா. தொழில், நடமாடும் கழிப்பறைகளை வாடகைக்கு விடுவது. தொழிலைச் சொன்னதும் சார்ஜென்ட் ஹானகன் மேடம் தம் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதுவும் பதிவாக வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் பதிவாகிறது.

நீர் வற்றிக் கிடக்கும் கெய்ர்ட்னர் உப்பேரியில் மோட்டார் சைக்கிள் வேக வாரம் நடக்கும்போதெல்லாம் என் கழிப்பறைகளைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். அந்த உப்பில் சொட்டு எண்ணெய் சிந்தக்கூடாது, முளை அடிக்கக்கூடாது, மனிதர் ஒதுங்கவும் கூடாது. ஆகவே எல்லாவற்றுக்கும் அடியில் தார்ப்பாய் விரித்து, அது பறக்காமலிருக்க அவரவரிடம் உள்ள கனமான சாமானைத் தூக்கி வைப்பார்கள். எவ்வளவு பெரிய வேகக்காரரும் ஒரு கட்டத்தில் என் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றே ஆக வேண்டும் என்பதால் எல்லார் சமாசாரமும் எனக்குத் தெரியும். நான் யாரையும் கேட்பதில்லை, காதில் விழுகிறது.

புகார் கொடுத்த மெர்வின் நோஸ்கே என் மீன்பிடித் தோழர். புகாருக்கு ஆளான யூனிஸ் நோஸ்கே அவருடைய முன்னாள் மனைவி. வீடு யூனிஸுக்கு, படகு மெர்வினுக்கு என்று பிரித்துக்கொண்ட அன்று, நோஸ்கே என்ற பெயரைத் திருப்பிக் கேட்க மெர்வினுக்கு மறந்துபோயிற்று. அறுநூற்றைம்பது சி.சி. பிரிவில் மெர்வினுடைய நூற்று ஐம்பத்தொரு மைல் வேகத்தை ஒன்பது வருடமாக எவரும் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை யூனிஸ் நூற்று ஐம்பத்துமூன்று ஓட்டினார். ஆனால் ஒரே ஓட்டம் போதாது. வண்டியைக் கயிறு கட்டிய இடத்தில் நிறுத்தி, திருகாணியைக்கூடத் தொடாமல், மறுநாள் காலை இன்னொரு முறை ஓட்ட வேண்டும். இரண்டின் சராசரி பழையதைத் தாண்டினால்தான் சாதனை.

உப்பின் மேல் லேசான வண்டிக்குப் பின்சக்கரம் பிடி கிடைக்காமல் வழுக்கிச் சுற்றும். அதனால் ஈயத்தை உருக்கி வண்டியின் வயிற்றில் கட்டுவார்கள். எவ்வளவு கட்டினோம் என்பதைப் பெற்ற தாயிடமும் சொல்லமாட்டார்கள். கனம் கூடினால் வேகம் கூடுமென்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். என் வயிற்றின் விஷயத்தில் அது பலிக்கவில்லை.

அதன் பிறகு, அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம், தம் ஈயக்கட்டிகள் வைத்திருந்த இரண்டு தேயிலைப் பெட்டிகளைக் காணோம் என்றும், அவை யூனிஸின் வண்டிக்குள் இருப்பதாகவும் மெர்வின் புகார் செய்தார். யூனிஸ் தம்முடையது பழைய சாக்கடைக் குழாய்களை உருக்கிக் கேக் தட்டில் வார்த்த ஈயம் என்றார். குழாய்களைக் கொடுத்தது நான் என்று சாட்சி சொன்னேன். அதனால் அவர் மேலிருந்த சந்தேகம் வலுத்தது. மறுநாள் காலை வண்டியின் வயிற்றைத் திறந்து பார்ப்பதாக சார்ஜென்ட் சொன்னார். திறந்தால் முதல் ஓட்டம் செல்லாது என்று போட்டி நடத்துபவர்கள் சொன்னார்கள். யூனிஸ் தேநீரை ஆற விட்டுவிட்டு எழுந்து போனதை நான் கண்டேன்.

புதன்கிழமை விடியும்போது காற்று கிளம்பியது. என் கழிப்பறைகள் எல்லாம் ஆடின. மூன்றாவது மட்டும் பாறை போல நின்றது. அது ஏன் என்ற யோசனையில் குனிந்து அடியில் பார்த்தபோது தேயிலைப் பெட்டியின் மூலை தெரிந்தது. அப்போதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. அன்றும் இதே காற்று. மெர்வின் அந்த மூன்றாவதற்குள் இருந்தார். நான் வெளியிலிருந்து, "மெர்வ், உன் வண்டிக்குப் பின்னால ரெண்டு பெட்டி கெடக்கு, எடுத்து அடியில அண்டக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எதையாச்சும் வைய்யா. போன வருஷம் மாதிரி கதவோட கவுத்துடாத" என்றார்.

வைத்தேன். உடனே தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்து, அதன் பின்னால் நான் ஓடியதில் பெட்டி மறந்துவிட்டது.

அதன் பிறகு, கையில் ஸ்பேனருடன் கயிற்றுக்குள் நுழைந்துகொண்டிருந்த சார்ஜென்டையும் அருகில் நின்ற மெர்வினையும் அழைத்துக்கொண்டு ஓடினேன். மூன்றாவது கழிப்பறை உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே இருந்தவர் யூனிஸ். ஓட்டத்துக்குப் போடும் தோல் உடை கழுத்திலிருந்து கால் வரை ஒரே துண்டு, கழற்றி மாட்ட நேரமாகும்.

மெர்வின் கதவைத் தட்டி, "யூனிஸ், சீக்கிரம் வா" என்றார்.

"வீட்லயும் இதே பாட்டுதான்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவர் வெளியே வந்ததும் சார்ஜென்ட் தாமே குனிந்து பெட்டிகளை இழுத்தார். மூடியில் மெர்வினின் முதலெழுத்துகள் சுட்டுப் பொறிக்கப்பட்டிருந்தன; கட்டிகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

யூனிஸ் சொன்னது: "ஞாயித்துக்கெழமையிலேர்ந்து அது மேலதான உக்காந்து எந்திரிச்ச, மெர்வ்?"

மெர்வின் பெட்டியைப் பார்க்கவில்லை. கயிற்றுக்குள் நின்ற வண்டியைப் பார்த்தபடி தணிந்த குரலில், "எவ்ளோ கட்டியிருக்க?" என்று கேட்டார். இதைத் தெரிந்துகொள்ளத்தான் புகாரா என்று சார்ஜென்ட் கேட்டபோது அவர் பூட்ஸிலிருந்த உப்பைத் தட்டினார். வண்டியின் வயிற்றைத் திறந்து பார்க்கும் ஆசையே அவருக்கு இருந்தது என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம் வேண்டாம் என்று சார்ஜென்ட் சொன்னார், ஆனால் எழுதிக்கொண்டார்.

யூனிஸ் தலைக்கவசத்தை மாட்டப்போனவர் நிறுத்தி, "உன் எடைதான். அத்தன வருஷம் ஒன்னயப் பின்னால வச்சு ஓட்டியிருக்கேன்ல, ஒரு தடவகூட வண்டி வழுக்கல" என்றார்.

அதன் பிறகு காற்று தணிந்து, கயிறு அவிழ்த்து, யூனிஸ் ஓட்டினார். வெள்ளைமேல் ஒரு புள்ளியாகி, அதுவும் போய், சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. சராசரி நூற்று ஐம்பத்திரண்டரை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மெர்வின் தொப்பியைக் கழற்றினார். பிறகு புகாரைத் திரும்பப் பெற்றார்.

அதற்குச் சற்றுப் பின், எவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவர் சமையல் கூடாரத்துக்குள் போய் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசின் மேல் ஏறி நின்றதை நான் பார்த்தேன். எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும் என் வாயால் சொன்னதும்தான். கூட்டியதோ குறைத்ததோ இல்லை. சார்ஜென்ட் வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, உப்பில் மை சொட்டாதபடி தார்ப்பாய்மேல் நின்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) டெஸ்மண்ட் ட்ரெகென்சா