ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம்

இந்த வண்டியை முதலில் பார்ப்பவர்கள் எல்லோரும் பொம்மை என்றுதான் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள். தவறில்லை. ஆறு வருடத்துக்கு முன் நான் வாங்கியபோது அது பொம்மைதான். இரண்டாயிரத்துச் சொச்சம் விலையில், ரிமோட்டில் ஓடுகிற ஒரு லாரி. பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வுபெற்ற வாரத்தில் எனக்காக நானே வாங்கிக்கொண்டது.

அது ஏன் நடுவழியில் நின்றது என்று கேட்டீர்கள். நேற்றிலிருந்து எத்தனையோ பேர் என்னென்னவோ கேட்டார்கள். சரியான கேள்வி உங்களுடையதுதான். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்தீர்கள். முகப்பு, பிறகு வளவு என்கிற நடுமுற்றம், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. எங்கள் அறை வளவின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அடுப்படிக்கு எழுபது அடி. வழியில் இரண்டு நிலைப்படிகள், ஒவ்வொன்றும் முக்கால் அடி உயரம். வீடு ஒன்பது பங்காளிகளுக்குப் பொது. மற்ற எட்டுப் பேரும் சென்னை, கோவை, மலேசியா என்று போய்விட்டார்கள். திருமயத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் இது வழக்கம்தான். தெருவில் இருபத்தேழு வீடுகள். விளக்கு எரிவது நாலில்.

வண்டி வாங்கி ஏழு மாதத்தில் என் மனைவி மீனாளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சு லேசாகக் குழறும், ஆனால் வாய்த்துடுக்கு குறையவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியைப் பிரித்து வைத்திருந்தால் சொல்வாள்: "ஒங்க லாரிக்கும் எனக்கும் ஒண்ணாத்தான் ரிப்பேர் வருது. அதுக்கு மட்டும் ஸ்பேர் கெடைக்குது."

அவளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். காலையிலும் மாலையிலும் சின்னப்பிள்ளை வந்து உதவினாள். பெயர்தான் அப்படி, வயது ஐம்பத்தெட்டு. மற்ற நேரமெல்லாம் நான். தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்குவது எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போனது. ஒருநாள் பல் துலக்கும்போது நின்றபடியே தூங்கி, தலை சுவரில் மோதி விழித்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த இயந்திரத்தையும் ஓய்வில்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அவள் தண்ணீர் கேட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன், உலை கொதித்துக்கொண்டிருந்தது. விளையாட்டாக வண்டியின் முதுகில் பாட்டிலை வைத்து ஓட்டினேன். படி வந்ததும் தூக்கி மறுபக்கம் விட்டேன். அது தள்ளாடித் தள்ளாடி வளவைக் கடந்து கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அடைக்கலம் வந்துட்டாரு," என்றாள். என் அப்பா, நாங்கள் அப்பச்சி என்போம், அவர் காலத்தில் எங்கள் வீட்டில் வேலை பார்த்தவர் அடைக்கலம். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். அன்றிலிருந்து வண்டிக்கு அதுவே பெயர்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லாம் தொடங்கியது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

படிகளைக் குறைக்க முடியாது. பொது வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஒன்பது பேரும் சம்மதிக்க வேண்டும், நிலைப்படியில் கை வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே படிக்கு இரு பக்கமும் ஆணியில்லாமல் சாய்பலகை வைத்தேன். சக்கர நாற்காலிக்கு அந்தச் சரிவு ஆகாது. வண்டிக்கு ஆகும், ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரோடு ஏற அந்தச் சின்ன மோட்டாருக்குத் திராணி இல்லை. பெரிய மோட்டார் போட்டேன்.

இங்கேதான் சுவாரசியமான விஷயம். மோட்டாரைப் பெரிதாக்கினால் வண்டி பலமாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. பலவீனம் அடுத்த இடத்துக்கு நகரும், அவ்வளவுதான். பெரிய மோட்டார் போட்ட மறுநாள் கியர்பெட்டியின் பிளாஸ்டிக் பற்கள் வழித்துக்கொண்டு போயின. உலோகக் கியர் போட்டேன். அதற்கடுத்து, சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. எஃகுத் தண்டு போட்டேன். அடுத்து அச்சு. ஒவ்வொன்றையும் மாற்ற மாற்ற, உடைகிற சாமான் பெரிதாகிக்கொண்டே போகும்.

அதனால் விவரம் தெரிந்தவன் எல்லாவற்றையும் இரும்பாக்க மாட்டான். ஒரே ஒரு சாமானை மட்டும் வேண்டுமென்றே மட்டமாக விட்டு வைப்பான். மீட்டர் பெட்டியில் இருக்கிற பியூஸ் கம்பி மாதிரி. என்ன நடந்தாலும் முதலில் அதுதான் போகும், மற்றதெல்லாம் பிழைக்கும். மோட்டாரை அடுத்திருக்கிற பல்சக்கரத்தை நான் பிளாஸ்டிக்காகவே விட்டேன். மாணவர்களிடம் வருடா வருடம் சொல்வேன்: எது உடைய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், இயந்திரத்திடம் விடாதீர்கள்.

பிறகு ரிமோட்டைத் திருத்தி ஒரு கையால் இயக்கும்படி செய்தேன். வண்டியின் முகப்பில் வைஃபை கேமரா வைத்தேன். அவள் கட்டிலில் படுத்தபடி டேப்லெட்டில் வழி பார்த்து வலது கையால் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அடுப்படியில் ஒரு சாய்வுத் தட்டு செய்தேன். வண்டி மூக்கால் ஒரு நெம்புகோலை முட்டினால் ஒரு பாட்டில் உருண்டு அதன் முதுகில் விழும். பக்கத்து நெம்புகோலை முட்டினால் ஒரு டப்பா, அதில் ரொட்டியும் மாத்திரையும். தானே போய்ச் செருகிக்கொண்டு சார்ஜ் ஏற, சுவரடியில் செம்புத் தகடுகள். சின்னப்பிள்ளை இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"ஏண்ணே, ஆச்சிக்கு இந்த வண்டி துணி மாத்திவிடுமா?"

"அதுக்கு நான் இருக்கேன்."

"நீங்க இருந்தா இது எதுக்கு?"

அவள் படிக்காதவள். நான் செம்புத் தகட்டைத் துடைக்கக் குனிந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்னோருக்குப் படைத்து, வளவில் பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடைக்கலம் தண்ணீர் பாட்டிலோடு படியேறி இறங்கிப் போனது. இலையை விட்டு எழுந்து வந்து படம் எடுத்தார்கள். மலேசியாவிலிருந்து வந்த பெரியகருப்பன் அண்ணன் என் தோளில் கை போட்டு, "இந்தச் சொக்கு மாதிரி பொண்டாட்டியப் பாக்க நம்ம ஒன்பது புள்ளியிலயும் ஆளில்லப்பா," என்றார். புள்ளி என்றால் எங்களில் ஒரு குடும்பம். அன்று மீனாள் மட்டும் மெதுவாக, "அவுக லாரியப் பாக்குறாக, நான் பக்கத்துல கெடக்குறேன்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த மாதம் பெங்களூரிலிருந்து மகன் ஆனந்த் போன் செய்தான். "அப்பச்சி, நர்ஸ் ஒருத்தர வீட்டோட வச்சுருவோம். இல்லாட்டி புதுக்கோட்டையில நல்ல ஹோம் இருக்காம். நான் பாத்துக்கிறேன் செலவ."

"ஒங்காத்தாள நான் பாத்துக்குவேன்டா. ஆள் வச்சுப் பாத்தான்னு பங்காளிக சொல்லவா?"

வேண்டாம் என்று சொன்ன நான்தான் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த நர்ஸ் வந்து கதவைத் தட்டக்கூடாதா என்று ஏங்கினேன். ஆனால் ஒருமுறை சொன்னதை எப்படி மாற்றுவது?

வண்டி மேம்பட மேம்பட நான் வெளியே இருக்கும் நேரமும் நீண்டது. முதலில் டீக்கடை வரை, அரை மணி. உலோகக் கியர் போட்ட பிறகு திருமயம் வரை. பெரிய பேட்டரி வந்ததும் புதுக்கோட்டை போய் ஸ்பேர் வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வருவேன். அந்த இரைச்சலில் அப்படி ஒரு தூக்கம். ஒரு கட்டத்தில் எனக்கே புரிந்தது, நான் வண்டியின் தூரத்தை அளக்கவில்லை, என் தூரத்தை அளந்துகொண்டிருந்தேன் என்று.

மீனாள் மகனிடம் போனில் அழ ஆரம்பித்தாள். அவனுக்கு ஆபீஸில் வேலை ஓடாது. ஆகவே அவள் போனை அடுப்படி அலமாரியில் வைத்தேன். தவறி விரல் பட்டுக் குழம்பக்கூடாது என்று டேப்லெட்டிலும் கேமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இந்தச் சித்திரையில், உங்களுக்குத் தெரியும், வெயில் எப்படி இருந்தது என்று. ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் குளிப்பாட்டும்போது அவள் என் முகத்தைப் பார்த்து, "கொஞ்ச நாள் எங்கிட்டாவது போயிட்டு வாங்க. மூஞ்சி செத்துக் கெடக்கு," என்றாள். அவளே சொன்னாள். துணைக்குச் சின்னப்பிள்ளையை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். சரி என்றேன்.

மறுநாள் சின்னப்பிள்ளையிடம், நாங்கள் இருவரும் பெங்களூர் போகிறோம், நாலு நாள் வர வேண்டாம் என்றேன். அவள் மகிழ்ந்துபோய், "ஆச்சிக்கு நல்லதாப்போச்சுண்ணே, பேரப்புள்ளயப் பாத்துட்டு வரட்டும்," என்றாள். ஆள் வைத்துவிட்டுப் போனேன் என்று ஊரில் பேச்சு வரக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். அந்த நேரத்தில் அதுதான் காரணம் என்று நினைத்தேன்.

தட்டில் பன்னிரண்டு பாட்டில்களும் பத்து டப்பாக்களும் அடுக்கினேன். கட்டிலருகே ஒரு பாட்டில். நான்கு வைத்திருக்கலாம், இடமிருந்தது. நான்கு வைத்தால் வண்டிக்கு என்ன வேலை? புது டயபர் கட்டினேன். கேமராவுக்கு மட்டும் தனியாகப் பெரிய பவர்பேங்க் இணைத்தேன். வண்டி நின்றுபோனாலும் அது மூன்று நாள் ஓடும்.

கிளம்புவதற்கு முன் வழக்கம்போல வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு இடத்தில் நழுவியது. பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மூன்று பல் தேய்ந்திருந்தது. மாற்றுச் சக்கரம், அந்த அளவில் பிளாஸ்டிக் கிடைக்காததால் உலோகத்தில் வாங்கியது, என் சட்டைப்பையில் இருந்தது. புதுக்கோட்டையில் போன வாரம்தான் வாங்கியிருந்தேன். மாட்டக் கால் மணி நேரம் ஆகும். ஞாயிறு காலை ஆறு பத்துக்கு பஸ்.

அறந்தாங்கி வழியாக மணமேல்குடி போனேன். அங்கே கடலில் அலை இருக்காது. சேறும் தண்ணீருமாகக் குளம் போல அசையாமல் கிடக்கும். லாட்ஜில் அறை எடுத்து, அன்று பகலில் ஏழு மணி நேரம் தூங்கினேன். எழுந்து, வண்டியின் கேமராவில் பதிவானதைப் போனில் பார்த்தேன். அடைக்கலம் நான்கு தடவை போய்வந்திருந்தது. கட்டிலை நெருங்கும்போது அவள் முகம் தெரிந்தது. கேமராவைப் பார்த்து, "நல்லாத் தூங்குனீகளா?" என்றாள். நான் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அது நின்றது. பாட்டிலோடு திரும்பும்போது, வளவுக்கு வருகிற படியின் உச்சியில். முன்சக்கரம் படியைத் தாண்டிவிட்டது, பின்சக்கரம் பலகையில். சுமை மிக அதிகமாகும் இடம் அது. மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பாரம் இல்லாத மோட்டாரின் சத்தம் வேறு மாதிரி இருக்கும், கீச்சென்று மெலிதாக. கடற்கரையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, பல் போய்விட்டது என்று.

படியின் உச்சியில் நின்றதால் கேமராவில் வளவு முழுதும் தெரிந்தது. எதிரே எங்கள் அறைக்கதவு, கட்டிலின் கால்கள், கட்டிலுக்கு வெளியே தொங்கும் அவள் வலது கை, அதில் ரிமோட். சாயங்காலம் நாலு மணி வரை அவள் விட்டு விட்டு முயன்றாள். முன்னே, பின்னே, முன்னே. நான் சொல்லிக்கொடுத்தபடிதான், பதறாமல். நடுநடுவே குரல் வந்தது. "அடைக்கலம், வாப்பா. இன்னுங் கொஞ்சம்." பிறகு பேட்டரி தீர்ந்து மோட்டார் அடங்கியது. அதற்கப்புறம் அவள் வண்டியைக் கூப்பிடவில்லை. "ஏங்க," என்றாள். பல தடவை.

அந்தக் கேமரா வழியாக என் போனிலிருந்தே பேசலாம். பேசவில்லை. சின்னப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஓடியிருப்பாள். பஸ் பிடித்தால் நானே இருட்டுவதற்குள் போயிருப்பேன். பவர்பேங்க் மூன்று நாள் தாங்கும் என்று கணக்கிட்டிருந்தேன். இரண்டேகால் நாள்தான் தாங்கியது. அதுவரை பார்த்தேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்து, ஆத்தா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று ஆனந்துக்குச் சொன்னேன். அழுகை கேட்டு வந்த சின்னப்பிள்ளை, "பெங்களூர்ல இருந்து எப்பண்ணே வந்தீக?" என்று எல்லோர் முன்னும் கேட்டாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

முடிவை நான் எடுக்கவில்லை, பல்சக்கரத்திடம் விட்டுவிட்டேன் என்று மணமேல்குடியில் மூன்று நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. எது உடைய வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவன் நான். முப்பத்தொரு வருடம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். என் சட்டைப்பையிலிருந்து எடுத்த சாமான்களை உங்கள் ஏட்டு எழுதி வைத்திருப்பார். அதில் ஒரு சின்ன உலோகச் சக்கரம் இருக்கும், பாருங்கள். வண்டி நின்றதற்குக் காரணம் அது என் பையில் இருந்தது. நான்தான் செய்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியைச் சாட்சிப் பொருளாக எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஆறு வருடம் அதற்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டேன். கவனிக்க ஆளில்லாமல் அப்படியே விட்டால் பாவம், வீணாகிவிடும்.