கேட்டைப் பிடித்தவன்

மாலை ஆறே முக்கால். ஆஸ்திரேலியாவில் சார்லிவில் ஊரைத் தாண்டிய செம்மண் சாலை. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது... ஈ, காக்கை இல்லை.

நம் மெர்வினின் தங்கை நோரீனுக்கு நடந்தது இது. மெர்வின் வாயைத் திறந்தால் பொய்தான். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் பீரைத் தள்ளி வைத்துவிடுவான்.

நோரீன் பின்னால் திறந்த தொட்டி வைத்த யூட் வண்டியை ஓட்டினாள். பக்கத்தில் பத்து வயது மகள் பெட்ரா. மாட்டுப் பண்ணைக் கம்பி வேலியில், வீட்டுக்கு இன்னும் ஒரே ஒரு கேட். கேட் வந்தால் ஓட்டாதவர்தான் இறங்கித் திறக்க வேண்டும், வண்டி போனதும் மூட வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கைப்பழக்கம். போன வருடம் இதே கேட்டில் அப்படி இறங்கியவன்தான் அவள் கணவன் க்ளெம். எங்கோ அறுந்த மின்கம்பி வேலியில் கிடந்தது அவனுக்குத் தெரியாது. சங்கிலியைப் பிடித்த கையை எடுக்க முடியாமலே செத்துப்போனான்.

வண்டி நின்றது. பெட்ரா கதவைத் திறக்கப் போனாள்.

"இரு."

முதலில் நாற்றம்... கருகிய மயிர். பிறகு சத்தம். ர்ர்ர்ர்... வேலி நெடுக. வண்டி வெளிச்சத்தில் வேலியோரம் இரண்டு மாடுகள் விறைத்துக் கிடந்தன. மறுபடியும் கம்பி விழுந்திருக்கிறது. பின்னால் போகலாமென்றால் சக்கரம் சேற்றிலேயே சுழன்றது.

கேட்டில் ஒருவன் நின்றான். முதுகு காட்டி. இரண்டு கையும் சங்கிலியில். தோள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"அம்மா... அது அப்பா."

நோரீன் மகளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்த பேசும் ரேடியோவில் மின்சார ஆட்களை அழைத்தாள். இறங்கவே கூடாது, ஈரத் தரையிலும் மின்சாரம் ஓடும் என்றார்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டும் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து விலகிப் போகச் சொன்னார்கள்.

அப்போது அவன் பேசினான். திரும்பாமலே.

"பெட்ரா... கை வரமாட்டேங்குதும்மா. கொஞ்சம் வந்து இழுத்து விடு."

பிள்ளை கதறினாள். தாயின் கையைக் கடித்தாள். கட்டிய புருஷன் கெஞ்சக் கெஞ்ச உட்கார்ந்திருப்பது நோரீனுக்கு நெஞ்சைப் பிளந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"அவரைத் தொட்டா உன்னையும் விடாது, கண்ணு."

எட்டு இருபதுக்கு ரேடியோ கரகரத்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், நாங்கள் வரும்வரை இறங்காதீர்கள் என்றது. ர்ர்ர்... அடங்கியது. சங்கிலி கலகலவென்று கழன்று விழுந்தது. கேட்டில் யாரும் இல்லை.

ஆட்கள் வந்து டார்ச் அடித்தார்கள். கேட்டிலிருந்து சேற்றில் இரண்டு கோடுகள்... ஒட்டி ஒட்டி, பாதத்தைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து வந்த பூட்ஸ் தடம். பெட்ரா பக்கத்துக் கதவு வரை வந்திருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.