இண்டர்வலுக்குப் பொறவு

பூதத்தான் எங்க, பூதத்தான் எங்கன்னு வாசல்ல நின்னு கத்தாதீங்க. தாராவி பூரா கேக்கும். மொதல்ல செருப்பக் கழத்திட்டு உள்ள வாங்க. ஒரு வருசம் கழிச்சு வீட்டுப்படி ஏறுத மனுசன், முருகம்மா, உசுரோட இருக்கியாட்டின்னு ஒரு வார்த்த கேட்டியளா? கட்டுன பொண்டாட்டி குத்துக்கல்லு மாதிரி முன்னால நிக்கேன், வந்ததும் வராததுமா அடுத்த வீட்டு ஆம்பளையத் தேடுதிய.

பூதத்தான் அண்ணன் தோல் கம்பெனில இருக்காவ. சனிக்கெழமையும் வேலதான். அஞ்சு மணிக்குச் சங்கு ஊதுனாத்தான் வருவாவ. அதுவரைக்கும் உக்காருங்க.

அந்தத் துண்டுக்குள்ள என்ன? ஒண்ணுமில்லையா? ஒண்ணுமில்லாததையா அப்பிடி அக்குள்ள இடுக்கிக்கிட்டு நிக்கிய? எனக்குத் தெரியாதாக்கும். நீங்க கம்பெனில தோல் செதுக்குன காலத்துக் கத்தி. புனாவுக்குப் போகும்போது தகரப்பெட்டியில அடியில போட்டுக் கொண்டு போனிய. நான்தான பெட்டிய அடுக்குனேன்!

வெளங்குமா இது? ஒரு வருசம் பம்பாய்க்குள்ள காலு வைக்கப்பிடாதுன்னு போலீசு தடிபார் ஆர்டர் போட்டு ஒங்கள வெரட்டுனான். கெடு நேத்தோட முடிஞ்சுது. இன்னைக்கி மொத ரயில்ல ஏறி வந்துருக்கிய, எதுக்கு? பொண்டாட்டியப் பாக்கவா? கதவச் சாத்திக்கிட்டு போலீசுகிட்ட ஒங்களுக்கு எதிரா சாட்சி சொன்னது பூதத்தான்தான்னு நீங்களா முடிவு கட்டி, ஒரு வருசமா அதையே நெனச்சு நெனச்சுக் கத்தியத் தீட்டியிருக்கிய. ஆர்டர்ல பேரு இருந்துதா? சாட்சி பயப்படுதாவ, ஆருன்னு சொல்ல முடியாதுன்னுதான எழுதியிருந்தான்? ஒங்களுக்கு மட்டும் ஆரு வந்து சொன்னா? சொடலமாடன் கனவுல வந்து சொன்னாரோ?

சரி, உக்காந்தாச்சுல்லா. சாப்பிடுங்க. சோறு கேக்காதீங்க, அரிசிய ரேஷன்ல கண்ணுலயே காட்ட மாட்டேங்கான். மைலோன்னு ஒரு செவப்புச் சோளம் போடுதான், அமெரிக்காக்காரன் அனுப்புனதாம். களி கிண்டுனா கல்லு மாதிரி கெடக்கு. மொகத்தச் சுளிக்காதீங்க. அத தின்னுட்டுத்தான் நான் வேல பாக்கேன்.

என்ன வேலையா? அப்ப ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. எப்பிடித் தெரியும்? ஒரு கடுதாசி போட்டியளா? இந்த ஒரு வருசத்துல யுத்தமே வந்துட்டுப் போயிட்டு. சன்னலுக்கெல்லாம் கறுப்புக் காயிதம் ஒட்டச் சொன்னான், விமானம் வருதுன்னு சங்கூதுனான், நானும் பூதத்தான் அண்ணன் பொண்டாட்டி மாடத்தியும் கட்டிலுக்கடியில கெடந்தோம். ஒரு பிரதமர் செத்துப்போயி, இப்ப ஒரு பொம்பள நாட்டையே ஆளுதா. நான் இந்த அடுப்ப ஆளப்பிடாதா?

அந்த மூலைய ஏன் அப்பிடி உத்துப் பாக்கிய? அதான, வந்ததுல இருந்து கண்ணு அங்கனயேதான் போகுது. தோண்டிப் பாத்தாலும் பீப்பாய் கெடைக்காது. ஒங்க ஊறலையும் பானையையும் குழாயையும் போலீசு எடுத்துட்டுப் போனபொறவு குழிய மண்ணப் போட்டு நெரப்பி, மேல ஆட்டுரலத் தூக்கி வச்சுட்டேன். இப்ப இங்க சாராயம் காய்ச்ச முடியாது. அப்பளம்தான். நானும் மாடத்தியும் இடுதோம். மாட்டுங்காவுல பஞ்சாபகேசன்னு ஒரு அய்யரு மெஸ் வச்சிருக்காரு, அவருக்குக் குடுக்கோம். பெரிய கெடுபிடி அந்த மனுசன். ஒரு அப்பளத்தப் பொரிச்சுக் காதுகிட்ட வச்சு நொறுக்கிப் பாத்துட்டுத்தான் மிச்சத்த வாங்குவாரு. இருந்தாலும் வாங்கம்மாங்காரு. ஒம்பது வருசம் இதே கையாலதான் ஒங்க குடிகாரப் பயலுவளுக்கு மீனும் சுண்டலும் வறுத்துப் போட்டேன். ஒருத்தன் வாங்கம்மான்னது கெடையாது.

மாவு இடிக்கதா? ஆமா, பூதத்தான் அண்ணன்தான் இடிச்சுக் குடுக்காவ. காலைல கம்பெனிக்குப் போறதுக்கு முன்னால வாசல்ல ஒரலப் போட்டு, நாலு பேரு பாக்க, மாடத்தியும் பக்கத்துல இருக்க. இப்ப அந்தக் கண்ண எறக்குங்க. அப்பிடிப் பாக்கதுக்கு ஒங்களுக்கு அருகத கெடையாது. உலக்க புடிக்கதுக்கு இந்த வீட்டுல ஆம்பள இருந்தா அவிய ஏன் வாராவ?

சினிமாவா? ஏன் போகாம? வாராவாரம் போறேன். அதே தியேட்டருதான், ஞாயித்துக்கெழம காலையில தமிழ்ப்படம். இதச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரியுது. நானாவது ஒன்னியச் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன், எவன் இங்க போறான்னு பெருமையடிப்பியள்ல? ஒம்பது வருசம் கூட்டிட்டுப் போனிய. ஒரு படமாவது முழுசாப் பாக்க விட்டியளா? இண்டர்வல் மணி அடிச்ச ஒடனே, எந்திரிட்டி, பயலுவ வந்துருவானுவன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவிய. ஞாயித்துக்கெழம பதினொண்ணு அடிச்சா ஒங்க சாராய அட்டா தொறக்கணும், அடுப்புல மீனு கெடக்கணும்.

இண்டர்வல் வரைக்கும் எந்தப் படத்துலயும் கெட்டவன் கைதான ஓங்கியிருக்கும்? தங்கச்சி தெருவுல நிப்பா, அண்ணன் ஜெயிலுக்குப் போவான், ஆத்தாவுக்குக் கண்ணு போயிரும், அந்தப் படுபாவி சிரிச்சுக்கிட்டு நிப்பான், லைட்டப் போட்டுருவான். அதோட எந்திரிச்சு வந்துருவேன். ஒம்பது வருசமா அதுதான் முடிவுன்னே நெனச்சிருக்கேன். சிரிக்காதீங்க! வயித்தெரிச்சல்ல சொல்லுதேன். நீங்க போனபொறவு மாடத்தி கூட போயி, மொத தடவ கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன். அந்தப் படுபாவிய எல்லாருமாச் சேந்து புடிச்சுக் கட்டுதாவ. நான் ஏங்கி ஏங்கி அழுதேன். தியேட்டரே திரும்பிப் பாத்துது. இப்பிடியும் முடியும்னு எனக்கு ஆரும் சொல்லலியே!

கூட பிச்சையும் வருவான். ஆமா, கண்ணு தெரியாத பிச்சைதான். அண்ணனோட தம்பி. எந்திரிக்காதீங்க, பேரச் சொன்னதும் ஏன் பதறுதிய? அவன் எனக்கும் மாடத்திக்கும் நடுவுல உக்காருவான். வசனமெல்லாம் அவனுக்கு நம்மளவிட நல்லாக் கேக்கும். பேசாம இருக்க எடத்துல நான் சொல்லணும். மதினி, நீங்க அழுதது போதும், அங்க என்ன நடக்குன்னு சொல்லுங்கன்னு வைவான். இருவத்திரெண்டு வயசு. கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தாவ. அந்தப் பொண்ணு வீட்டுக்காரன் இப்ப இந்தப் பக்கமே வாறதில்ல.

அவன் வேற எங்கயாவது போயிக் குடிச்சிருப்பான்னு இன்னுமா சொல்லுதிய? தட்டுல கைய வச்சுக்கிட்டுச் சொல்லாதீங்க. வெல்லம் கெடைக்கலன்னு மரத்துக்கு அடிக்க பாலிஷ் ஸ்பிரிட்ட வாங்கிக் கலந்தியளா இல்லையா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கலந்தியளா இல்லையா? அன்னைக்கும் இண்டர்வல்ல எந்திரிச்சு வந்து, நான்தான் ஊத்திக் குடுத்தேன். இந்தக் கையாலதான் ஊத்துனேன். மதினி, இன்னும் கொஞ்சம்னான், ஊத்துனேன். மறுநாக் காலையில வெயிலு சுள்ளுன்னு அடிக்கு, இவன் பாயில உக்காந்துக்கிட்டு இன்னும் விடியலியா, இன்னும் விடியலியாங்கான். சயான் ஆஸ்பத்திரில டாக்டரு கண்ணுல லைட்ட அடிச்சுப் பாத்துட்டு, இனிமே விடியாதுன்னுட்டாரு.

நீங்க என்ன செஞ்சிய? ஆஸ்பத்திரி பக்கம் எட்டிப் பாத்தியளா? அடுத்த ஞாயித்துக்கெழமையும் வா படத்துக்குப் போவோம்னிய. போனேன், சவம், நானும் போனேன். இண்டர்வல்ல எந்திரிட்டின்னிய. அந்த வார்த்த இருக்கே, அது என் நெஞ்சுக்குள்ள இன்னைக்கி வரைக்கும் எரியுது. பிச்சைக்குக் கண்ணு போயி ஏழு நாளு ஆகல, எந்திரிட்டி, பயலுவ வந்துருவானுவங்கிய.

அதனாலதான் பூதத்தான் சாட்சி சொன்னான்னு சொல்லுதியளோ? தம்பி கண்ணு போன ஆத்திரமா? ஆத்திரம் இருக்காதா பொறவு? ஆனா சொல்லல. போலீசு சௌக்கியில கூப்பிட்டு வச்சு எம்புட்டுக் கேட்டான். மாலும் நை சாப், மாலும் நை சாப்னு அதையேதான் சொன்னாவ. தம்பி எங்க குடிச்சான்னு எனக்குத் தெரியாதுன்னாவ. பெஞ்சத் தட்டி மெரட்டுனான், அப்பவும் அதான். நீங்கதான அவியள ஊர்ல இருந்து கூட்டியாந்து கம்பெனில சேத்துவிட்டிய. அந்த நன்றி. கூறுகெட்ட மனுசன், தம்பி கண்ணவிட அது பெருசாப் போச்சு அவியளுக்கு.

எனக்கு எப்பிடித் தெரியுமா? நான் அங்கனதான இருந்தேன். வராந்தாவுல பெஞ்சில உக்காந்திருந்தேன், சன்னல் வழியா அம்புட்டும் கேட்டுது. அண்ணன் வெளிய வந்தாவ, என்னியப் பாத்தாவ, தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாவ. அவியளுக்குப் பொறவு என்னியத்தான் உள்ள கூப்பிட்டான்.

கதவச் சாத்துனான். பயப்படாத, ஒம்பேரு வெளிய வராதுன்னான். எனக்கு என்ன பயம்? ஸ்பிரிட்டு டின்ன எங்க ஒளிச்சு வச்சிருக்கியன்னு காட்டுதேன்னேன். ஹவல்தாரு கைநாட்டு வைக்க மைப்பொட்டிய நீட்டுனாரு. பேனாவக் குடுன்னு வாங்குனேன். ரேஷன் கார்டு எழுதும்போது, என் பொண்டாட்டி கைநாட்டு வைக்கப்பிடாதுன்னு மூணு நாளு உக்காந்து சொல்லிக்குடுத்தியள்ல, அந்த அஞ்செழுத்த அப்பிடியே போட்டேன்.

அண்ணன் இத இன்னைக்கி வரைக்கும் மாடத்திகிட்டகூட சொல்லல. நீங்க கத்தியோட போயி நின்னாலும் வாயத் தொறக்க மாட்டாவ, குத்த வாங்கிக்கிட்டுச் சாவாவ. அதுக்குத்தான் சொல்லுதேன். இல்லைன்னா ஒங்ககிட்ட சொல்லணும்னு எனக்கென்ன தலையெழுத்து?

சங்கு ஊதுது, கேக்கா? இப்ப வருவாவ. நேரா இங்கதான் வந்து நாளைக்கிப் படத்துக்கு எத்தன டிக்கெட்டுன்னு கேப்பாவ. எந்திரிக்கியளோ? துண்டு அந்தா கெடக்கு, நான் தொடல. குத்தணும்னா ஆளு எதுக்க இருக்கேன், அடுத்த வீட்டுக்குப் போவாண்டாம். இல்லைன்னா ஒழுங்கா உக்காந்து தின்னுங்க, களி ஆறிக்கிட்டு இருக்கு.