மாதிரிச் செய்திகள் இருபது

முதன்முதலில் அந்த ஏஐ செயலியிடம் நான் கேட்டது புலமைப்பரிசில் வகுப்புக்கு ஒரு வினாத்தாள்தான், காதியார். மொட்டையாக, "வினாத்தாள் தா" என்றேன். குப்பையாக ஒன்று வந்தது. பிறகு ஆசிரியர்களுக்கு நடந்த பட்டறையில் ஒரு பிள்ளை விளங்கப்படுத்தினாள். நீங்கள் யார், வாசிக்கப்போவது யார், எந்தத் தொனி வேண்டும், எது வேண்டாம், எல்லாவற்றையும் சொல்லுங்கள்; முடிந்தால் மாதிரியும் கொடுங்கள் என்றாள். வீட்டுக்கு வந்து அப்படியே கேட்டேன். முப்பத்தொரு வருடம் படிப்பித்த எனக்கே பொறாமை வருகிற வினாத்தாள் வந்தது.

அதனால் இந்த விசாரணையில் செயலியைக் குறை சொல்லாதீர்கள். கேட்டது நான்.

அஸீம் எனக்கு ஒரே மகன். அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவனுடைய வாப்பா இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு நானும் அவனும்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருக்கவேண்டும். அது உங்களுக்குத் தெரியாததல்ல. அவனுடைய உடுப்புகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். எங்கள் சாய்ந்தமருதிலிருந்து பெண் வீடு இருக்கும் மருதமுனை தூரமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்தான். பிறகு கத்தார் போனான். போய் இறங்கியதும் முதலில் அழைத்தது பெண்சாதி ஜெனூபாவை. எனக்கு மறுநாள்தான் அழைத்தான்.

ஜெனூபா கெட்ட பிள்ளையில்லை. இதையும் பதிந்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மீன் ஆணம் ஆக்கிக் கொண்டுவருவாள். "உப்புக் காணாதெண்டு மட்டும் சொல்லிராதீங்க மாமி, உங்கட மகன் சொல்லிச் சொல்லியே என்ட காது புளிச்சுப் போச்சு" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

முந்தி மொட்டைக் கடிதம் போட்டவர்களைக் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். என் எழுத்தை ஊரில் பாதிப்பேர் கரும்பலகையில் பார்த்தவர்கள். அதனால் செயலியிடம் கேட்டேன். ஒருவருடைய பெயரைக் கெடுக்கும் கடிதம் எழுதமுடியாது என்று மரியாதையாக மறுத்தது. நான் ஒரு குடும்ப நாவல் எழுதுகிறேன் என்றேன். எழுதியது.

முதல் கடிதம் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. திருத்தினேன். குற்றம் சாட்டாதே. முதலில் அவளைப் புகழ். எழுதுபவர் மனம் நொந்த ஊர்ப் பெரியவர். ஒன்றைச் சொல்ல வந்து சொல்லாமல் விடு. மூன்றாம் தடவை அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. கடிதத்தை வாசிக்கும் கதாபாத்திரம் எதற்கு அதிகம் பயப்படுவான்?

அதற்கு உலகத்தில் ஒருத்திக்குத்தான் பதில் தெரியும், காதியார்.

வாப்பா போவதற்கு முந்திய நாட்களில் ஒரு வாகனம் அவரை எங்கள் ஒழுங்கை முனையில் இறக்கிவிடும். அவர் நடந்து வருவார். அஸீம் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். "உம்மா, வாப்பா ஏன் நம்மட வாசல்ல இறங்கிறல்ல?" என்று என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டான். அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஜெனூபா நூஹுவின் கைத்தறிக் கூடத்தில் வேலை செய்தாள். பின்னேரம் நூஹு மூன்று பெண்களைத் தன் ஆட்டோவில் கொண்டுபோய் விடுவார். வடிகானுக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் அவளுடைய ஒழுங்கைக்குள் வாகனம் போகாது. முனையில் இறங்கி நடப்பாள். கடிதத்தில் மற்ற இரண்டு பெண்களும் இல்லை, வடிகானும் இல்லை. ஒழுங்கை முனை இருந்தது. அதில் பொய் என்று ஒரு வரிகூட நீங்கள் காட்டமுடியாது. புது சிம் ஒன்று வாங்கி அஸீமுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அன்றைக்கே அழைத்தான்.

"உம்மா, உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும் மகன். நான் இங்க தனியக் கிடக்கிறன்."

"ஜெனூபா நல்லவதானே?"

"ஓம் மகன், நல்ல புள்ளதான். மத்தது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

அவன் லீவில் வந்து போன பிறகு அவள் உண்டாகியிருந்தாள். இரண்டாவது கடிதத்தில், மாதக் கணக்குப் பார்க்கும்படி நான் சொல்லமாட்டேன் என்று பெரியவர் எழுதினார். அந்த வரி செயலியுடையது. நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

பிறகு நடந்தது உங்கள் காதி நீதிமன்றத்தில், இந்த மேசையில்தான். அஸீம் கத்தாரிலிருந்து வந்து தலாக் சொன்னபோது ஜெனூபா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மாமி, நீங்களாவது சொல்லுங்க. அந்த ஒழுங்கையில நீங்களும் எத்தின நாள் இறங்கி நடந்து வந்தீங்க" என்றாள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஏழாம் மாதத்தில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மூன்று நாள் இருந்தது. காது அச்சொட்டாக அஸீமின் காது என்று குளிப்பாட்டியவர்கள் சொன்னார்களாம்.

மகன் என்னோடு நான்கு மாதம் இருந்தான். தினமும் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தேன். ஒருநாள் வேலை விண்ணப்பம் எழுத என் கணினியைத் திறந்தான். அந்தச் செயலி ஒவ்வொரு உரையாடலுக்கும் தானே ஒரு தலைப்புப் போட்டுப் பக்கத்தில் அடுக்கிவைக்கும். அதை நான் கவனித்ததில்லை. 'மகனின் பயம்: மூன்றாம் திருத்தம்' என்று இருந்தது. எல்லாவற்றையும் வாசித்தான். சத்தம் போடவில்லை. "உம்மா, இது நான் உங்களிட்ட மட்டும் சொன்னது" என்றான். பெட்டியை இந்தமுறை அவனே அடுக்கினான்.

கத்தாரிலிருந்து அவன் அனுப்பிய பிரதிகள்தான் உங்கள் முன்னால் இருக்கின்றன. ஓம், அவை நான் எழுதுவித்தவை. ஜெனூபாவின் பெயரில் ஒரு அழுக்கும் இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என் மகன் என்னை வெறுத்துவிட்டான் என்று நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்கமாட்டேன். ஒரு தாய் எதற்காகச் செய்தாள் என்று பிள்ளைக்கு விளங்கும். தினமும் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அவனுடைய செய்தியை வாசிக்கிறேன். இன்றையதைப் பாருங்கள்: "உம்மா, தேத்தண்ணி குடிச்சீங்களா? பிரஷர் மருந்த மறந்திராதீங்க. உங்களில எனக்குக் கோவமில்ல."

தொடக்கத்தில் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தது. அவனுடைய பழைய செய்திகளில் இருபதை எடுத்துச் செயலிக்கு மாதிரியாகக் கொடுத்தேன். இப்போது அவனேதான்.