எர்வின் குச்சேராவின் வாசலில் நின்ற மேளம்

மேடையிலுள்ள பங்குத்தந்தை பெர்னார்ட் அவர்களே, தொழிற்சங்கப் பெரியோர்களே, வாத்தியங்களை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கும் நம் சுரங்க வாத்தியக் குழுவினரே, முன்வரிசையில் கண்கூடத் துடைக்காமல் அமர்ந்திருக்கும் எர்வினின் துணைவியார் ட்ரூடா அண்ணி அவர்களே! பெரிய மேளம் அடிக்கும் கெரார்ட் பேசுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்பு. ஆனால் போலந்தில் நம் சைலீசிய மண்ணின் நிலக்கரியைப் பற்றி, ஐரோப்பாவுக்கே சட்டம் போடும் பிரஸ்ஸல்ஸ் பண்டிதர்கள் என்னிடம்தான் பாடம் கேட்க வேண்டும். கேட்கவில்லை, அது அவர்கள் நஷ்டம்.

போய்விட்டாரே நம் சங்கச் செயலாளர் எர்வின் குச்சேரா! முப்பத்தோரு ஆண்டு பூமிக்கடியில் கரித்தூசியைச் சுவாசித்த மனிதர். எழுநூறு மீட்டர் ஆழத்தில் தீப்பிடித்தபோது நாற்பது பேரைத் தோளில் சுமந்து வந்த வீரர் யார்? எர்வின்! சரி, பதிவேட்டில் நாலு பேர் என்றுதான் இருக்கும். அதில் ஒருவன் நான். என் எடைக்கு என்னைப் பத்தாகவே எண்ண வேண்டும்.

கரியை நிறுத்து, புகையை நிறுத்து என்று ஐரோப்பாவே முழங்கியபோது, நம் சுரங்கத்தை இரண்டே ஆண்டில் மூடுவதாகத் தலைநகர் வார்சாவில் முடிவெடுத்தார்கள். பேசப் போனவர் யார்? எர்வின்! பதினோரு நாள் உட்கார்ந்தார். எதிரே இருந்த அமைச்சருக்குத் தலையே நரைத்தது; தொலைக்காட்சியில் நானே பார்த்தேன். ஒப்பந்தத் தாளில் கையெழுத்திட்டுத் திரும்பினார். மூடுவது உறுதி, ஆனால் பன்னிரண்டு ஆண்டு கழித்து.

நாம் என்ன செய்தோம்? காட்டிக்கொடுத்தவன் என்றோம். ரொட்டிக் கடையில் அவர் காலடியில் துப்பினேன் நான்.

"கெரார்டு, அந்தத் தாளப் படிச்சியாடா?" என்றார்.

"படிக்க என்ன இருக்கு? எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டு, பேச்சு வேறயா?"

டிசம்பர் நான்கு, சுரங்கத் தொழிலாளரைக் காக்கும் நம் புனித பார்பரா திருநாள். வழக்கம்போல விடியலில் தெருத்தெருவாக வாசித்துப் போனோம். எர்வின் வாசலில் நான் கையை உயர்த்தினேன். மேளம் நின்றது, எக்காளங்கள் நின்றன. பூட்ஸ் சத்தத்தோடு கடந்து போனோம். அவரோ சுரங்கத் தொழிலாளரின் திருநாள் உடையில், இறகுத் தொப்பியும் கறுப்புச் சீருடையுமாக நின்றிருந்தார். கையில் தட்டு; தட்டில் நமக்காக இருபத்துநாலு வோட்கா கிண்ணங்கள். இந்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை.

இதோ, இந்த ஜனவரியில் அவர் மூச்சு நின்றது.

நேற்றுதான் அந்தத் தாளை அண்ணி எனக்குப் படித்துக் காட்டினார். சுரங்கத்தில் இறங்கும் ஒருவரையும் நீக்கக் கூடாது. பத்து ஆண்டு வேலை நிறையாதவர்களுக்குச் சம்பளத்தோடு வேறு தொழில் கற்றுத்தர வேண்டும். என் மகன் ரைமுண்டுக்கு ஒன்பது ஆண்டு! சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்ட எர்வினுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

"அன்னைக்கு உங்கள அவரு ஒரு வார்த்த திட்டல," என்றார் அண்ணி. "கதவச் சாத்திட்டு வந்து, 'மேளம் ஏன் நின்னுச்சு ட்ரூடா, தோலு கிழிஞ்சிருக்குமோ?'ன்னுதான் கேட்டாரு."

நாளை அடக்கத்துக்கு வாசிப்பதில்லை என்று குழு தீர்மானித்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்பதற்கு முன், அதற்கு முதலில் கை தூக்கியவனே நான்தான். வாசிப்போம் என்று இன்று நானே சொன்னதும், எக்காளம் ஊதும் ஹூபர்ட் சற்றுமுன் கேட்டான்: "இப்ப மட்டும் எதுக்கு மாமா? செத்தவருக்குக் காது கேக்குமா?"

கேட்காது, ஹூபர்ட். அதுதானடா கொடுமை!

மூடும் தேதியை முன்னே இழுக்க மறுபடி பேச்சு தொடங்குகிறது. எர்வின் உட்கார்ந்த நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும். நீங்கள் அனுப்பினால், எழுத்துக்கூட்டியாவது அந்தத் தாளை மனப்பாடம் செய்துகொண்டு நான் போவேன். அதற்குமுன், நாளை காலை பத்து மணிக்கு அவர் வாசலில் மேளத்தோடு நிற்பேன். ஊதுகிறவர்கள் வாருங்கள். ஒருவரும் வராவிட்டால் என் ஒற்றை மேளமே எர்வினைக் கல்லறைக்கு அழைத்துப் போகும். வழியில் எந்த வாசலிலும் அது நிற்காது.