தம்பியின் பாதத்துப் பூஞ்சை

மார்ச் 4, புதன். ஒரு சின்னத் தவறு: தம்பியின் பாதத்தில் இருப்பது கொழுப்புக் கட்டி என்றே அக்கா எல்லோரிடமும் சொல்லிவந்தாள். தோலுக்கு அடியில் வளர்ந்த பூஞ்சை அது. நாளை அறுவை சிகிச்சை. நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது, அவள் தன் தையல் கடையில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ... சொல்லுடா... எங்க இருக்க? கக்கூஸ்லயா? அதான் கிசுகிசுன்னு பேசுறியா... ஆமா, ஆமா, நாளைக்குத்தான்... ஓடி வரப் போறியா? அந்தக் காலோட நீ நொண்டி நொண்டி வாசலுக்கு வர்றதுக்குள்ள தையலே பிரிச்சு அனுப்பிருவாங்க.

"கால எடுத்துருவாங்கன்னு யாரு சொன்னா?... பக்கத்துக் கட்டில்காரரா? அவருக்கு மூலம்டா. காலப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

போன வருடம் செடிகளுக்கு ஒட்டுக்கட்டும் கத்தியால் தானே அந்தக் கட்டியைச் சீவியெறிந்தவன் தம்பி. அது பக்கத்திலேயே இரண்டு குட்டி போட்டது.

"கேளு. அது உடையாம, சுத்தியிருக்கற நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து எடுக்கணுமாம். கறை பட்ட துணிய வெட்டும்போது நான் கறை மேலயா கத்திரி வைக்கிறேன்?... இப்ப விட்டா எலும்புக்குப் போயிரும். அப்பதான் காலுக்கே ஆபத்து... ம்... அதுக்குத்தானே ஆறு மாசமா மாத்திரை குடுத்துச் சுருக்குறாங்க...

"என்ன, திடீர்னு இருமுற?... டேய். மாத்திரை சாப்பிட்டதானே?"

தையல் மெஷின் நின்றது.

"ஜனவரிலேர்ந்தா?... மிச்சத்த எல்லாம் என்ன பண்ண?... யாருக்குக் குடுத்த?... ரோஜாவுக்கா?... இலையில கரும்புள்ளி, அதுவும் பூஞ்சைதான்னு பொடி பண்ணிக் கரைச்சு ஊத்தினியா... அடப்பாவி... செடியாவது பொழச்சுதா?... அதுவும் செத்துப்போச்சா. நல்லவேளை, பொழச்சிருந்தா பண்ணை வாசல்ல வைத்தியர்னு போர்டு மாட்டியிருப்ப.

"சிரிக்கல... அழாதடா... அப்ப நீ ஓடப் பாத்தது கத்திக்குப் பயந்து இல்ல, டாக்டர் திட்டுக்குப் பயந்து... நீ மருந்த விடாம சாப்பிடுறன்னு நம்பித்தாண்டா அவர் அறுக்கப் போறாரு. துளி மிச்சம் இருந்தாலும் திரும்ப வளரும்... திட்டட்டும். நானும் பக்கத்துல நின்னு வாங்கிக்கறேன்... சரி... சரி சரி. முதல்ல வெளிய வா, கதவ யாரோ தட்..."

லைன் அறுந்தது.

நாளை: விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் கத்தியை எடுக்குமுன் மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேண்டும். தம்பிக்கு வாய் வராவிட்டால் அக்கா சொல்ல வேண்டும்.