வாயை மட்டும் அசை

ஆடிக் காற்றில் துணி சீக்கிரம் காய்ந்துவிடும். எங்கள் தங்கவயலில் அந்தக் காற்றால் கிடைக்கிற நன்மை அது ஒன்றுதான். அதுவும் காற்று சைனைட் மேட்டிலிருந்து திரும்பி அடிக்காதவரைதான். சயனைடு ஊற்றித் தங்கம் எடுத்தபின் மிஞ்சிய கல்மாவைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். காற்று அங்கிருந்து வந்தால் வீட்டுக்குள் சோறுகூட நறநறக்கும். அதனால் எல்லாரும் சன்னலைச் சாத்தி, மேலே நனைத்த கோணிச்சாக்கைத் தொங்கவிடுவோம். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியவதி. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். இறந்துபோன அமலா என் தங்கை. அப்பா நந்திதுர்க் சுரங்க விபத்தில் போனபோது அவள் கைக்குழந்தை. அம்மாவும் பின்னாலேயே போய்விட்டாள். வளர்த்தது நான். அதற்காகக் கல்யாணத்தை விட்டேன் என்று ஊரில் சொல்வார்கள். நான் சொன்னதில்லை.

என் பாட்டுக் குழுவுக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. சுருதி சேராத பிள்ளையை நான் வெளியே அனுப்பமாட்டேன், மனசு நோகும். வரிசையிலேயே நிறுத்தி, “வாயை மட்டும் அசை” என்பேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாரும் பாடுவதுபோல் இருக்கும். கேட்கிறவர்களுக்குச் சுத்தமாகக் கேட்கும். யாருக்கும் கெடுதல் இல்லை. அமலாவும் அப்படி நின்றவள்தான். மூச்சிரைப்புப் பிள்ளை, ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க வராது. பள்ளி முடிக்கும்வரை என் முன்வரிசையில் வாயசைத்தாள். அழகாக அசைப்பாள்.

அவள் பெங்களூரில் இசைக் கல்வியில் முதுகலை சேரப்போகிறேன் என்றபோது சிரித்துவிட்டேன்.

“பாடகியாவறதுக்கு இல்லக்கா. புள்ளைங்களுக்குப் பாட்டு எப்டிச் சொல்லித்தர்றதுன்னு படிக்கிறது.”

“அதத்தான நான் இத்தினி வருசமா செஞ்சிகினு கீறேன்?”

“அதான்க்கா” என்றாள்.

அந்த ‘அதான்’ எனக்கு அப்போது விளங்கவில்லை. விடியுமுன் எழுந்து சோறு கட்டிக்கொடுத்து மாரிக்குப்பம் ரயிலுக்கு அனுப்பினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருஷம், ஆய்வுக்கு எதை எடுத்தாய் என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“நீ வாயசைக்கச் சொன்ன புள்ளைங்கள. ஒவ்வொருத்தரா தேடிகினு போனேன்க்கா. ஒருத்தரும் அப்பறம் பாடவே இல்ல. கோயில்ல கூட வாயத் தொறக்கமாட்டாங்களாம். பெத்த கொழந்தைக்கு ஆராரோ பாடக்கூட வெக்கமா கீதுன்னு ஒரு பொண்ணு அழுவுது.”

“என் பேரு போட்டுகீறியா?”

“ஒரு ஆசிரியைன்னுதான் போட்டுகீறேன். நீ இன்னாக்கா பண்ணுவ, உனக்கு யாரும் சொல்லித்தரல. எனக்கு உம்மேல கோவமே இல்ல.”

மன்னித்தாள், ஐயா. நான் வடித்த சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை மன்னித்தாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மன்னிப்புக்கு என்ன பதில் இருக்கிறது?

அதோடு விடவில்லை. என் வரிசையில் வாயசைக்கிற பிள்ளைகளைப் பள்ளி விட்டபின் ஹாலில் சேர்த்துப் பழக்க ஆரம்பித்தாள். வராந்தாவில் நின்று கேட்டேன். தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் இருந்தது. நடுநடுவே பிள்ளைகள் சிரித்தன. என் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. அவளுடைய செய்முறைத் தேர்வுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளர்கள் எங்கள் பள்ளிக்கே வருவதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் ஹரோல்ட் சார் என்னைக் கூப்பிட்டார்.

“பாக்கியம், ஆண்டு விழாவையும் அமலாவே பாத்துக்கட்டும்மா. நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க.”

எனக்கு எந்த அசதியும் இல்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் ஞாயிறு. மத்தியானம் அமலா இருமிக்கொண்டே வந்தாள். இருமலுக்கான மாத்திரையைப் போட்டால் அவளுக்கு அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வரும். “ஒத்திகைக்குப் புள்ளைங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்ன எழுப்புக்கா” என்று படுத்தாள். அந்த அறைச் சன்னல் மேட்டைப் பார்த்தது. சாக்கு அழுக்காக இருந்ததால் கழற்றித் துவைத்தேன். புழுக்கமாக இருந்ததால் சன்னல் கதவுகளை விரியத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி வெளிச்சுவர்க் கொக்கியில் மாட்டினேன். அவள் மூச்சுக்கு இழுக்கிற பம்பு தலையணையோரம் கிடந்தது. விழுந்தால் உடையும் என்று ஆர்மோனியப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினேன். காற்றில் அறைக் கதவு அடித்து அவள் தூக்கம் கலையக்கூடாதே என்று வெளித் தாழ்ப்பாள் போட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலைகள்தான். ஆடியில் மத்தியானத்துக்குமேல் காற்று திரும்பும் என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

திரும்பியது. பக்கத்து வீட்டு சரோஜம்மா சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

“இன்னாம்மா பாக்கியம், ஊரே சன்னல சாத்திகினு கீது, நீ சாக்க கொடில போட்டுகினு நிக்கற? உள்ள அந்தப் பொண்ணு இல்ல?”

“பெங்களூரு போயிருக்கா” என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைத்தான் அவள் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

உள்ளே இருமல் கேட்டது. பிறகு கதவைத் தட்டுவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கொடிக்கு அருகில் நின்றால் அந்தச் சன்னல் தெரியும். அமலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருவம், தலைமுடி எல்லாம் வெளுத்து, என்னைவிட வயதானவள்போல் இருந்தாள். என்னைப் பார்த்து உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அசைத்த மாதிரியேதான், அவ்வளவு தெளிவாக. ‘அக்கா’ என்பதைப் பார்த்தே படிக்க முடிந்தது. சாக்கு காய்ந்துவிட்டிருந்தது. உதறி மடித்தேன். பிள்ளைகள் வருகிற நேரத்தில், சொன்னபடி எழுப்பப் போனேன்.

அடக்கத்தன்று அந்தப் பிள்ளைகள் வந்து பாடின. ஒன்றுக்கும் சுருதி சேரவில்லை. ஹரோல்ட் சார் தேம்பி அழுதார். குழிமேட்டில் நின்று, நிறுத்துங்கள் என்று சொன்னது நான் ஒருத்திதான். அவை நிறுத்தவில்லை.

அமலாவைக் கொன்றது நான். மறுக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளின் குரலையே கேட்டுப் பழகிய காது என்னுடையது. எவ்வளவு சின்னக் குரலும் அதற்குத் தப்பாது. அவள் வாய்விட்டு ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், தாழ்ப்பாளைத் திறந்திருப்பேன்.